அளவுச் செருப்பு

பெண்கள் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தால் தெருவே நின்று பார்த்த காலத்தில் நான் சிறுமியாக இருந்தேன். மதுரையில் அப்போது பெண்கள் காலில் செருப்பைப் பார்ப்பதே அபூர்வம். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் போடுவாள், ஆஸ்பத்திரி நர்ஸம்மா போடுவாள், ரங்கூனுக்குப் போய்த் திரும்பிய குடும்பங்களில் ஒன்றிரண்டு பேர் போடுவார்கள். மற்றவர்களுக்கெல்லாம் வெறுங்கால்தான். செருப்புப் போட்டவள் திமிர்பிடித்தவள் என்று தெரு ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடும். என் அம்மா மட்டும் அப்படிச் சொல்லமாட்டாள். அவளுக்கு ஒவ்வொரு செருப்பும் வேறு வேறு பெண்.

எங்கள் வீடு தெற்குக் கோபுரத்துக்கு எதிரே ஒரு சந்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்கு வரும் தெரிந்த பெண்கள் எங்கள் வீட்டு நடையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவார்கள். கோயில் வாசலில் விட்ட செருப்பு திரும்பி வரும்போது இருக்கும் என்பதற்கு மீனாட்சியே பொறுப்பேற்க மாட்டாள். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் அம்மாவும் நானும் எங்கள் ஆட்டத்தைத் தொடங்குவோம். நான் ஒரு ஜோடியைக் காட்டுவேன். போட்டவள் எப்படிப்பட்டவள் என்று அம்மா சொல்வாள். செருப்பைக் கையால் தொடமாட்டாள். இடுப்பில் கை வைத்துக் குனிந்து பார்ப்பதோடு சரி.

"வாசலப் பாத்துத் திருப்பி விட்டுட்டுப் போயிருக்கா பாரு. கெளம்புறதுலயே நெனப்பு. வீட்ல யாரோ சீக்காக் கெடக்காங்க" என்பாள். அந்தச் செருப்பைப் போட்டு வந்த டீச்சரின் தாயார் படுத்த படுக்கையாக இருந்தது எங்களுக்கு அப்புறம்தான் தெரியவரும். "இவ வார இழுத்துக் கட்டியிருக்கா பாரு, வீட்டுச் சாவியும் இவ இடுப்புலதான் இருக்கும்" என்பாள் இன்னொன்றைப் பார்த்து. எல்லாம் சொல்லி முடித்ததும் நான் கேட்கும் கடைசிக் கேள்வி ஒன்று உண்டு. "நல்லவளா, கெட்டவளா?" அதற்கும் பதில் சொன்னால்தான் ஆட்டம் முடியும்.

ஒருமுறை பேரையூர்ப் பக்கத்துப் பண்ணையார் வீட்டு அம்மாள் ஜரிகை வேலை செய்த வெல்வெட் செருப்பை விட்டுப் போனாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அம்மா அதைக் காலால் லேசாகப் புரட்டிப் பார்த்தாள்.

"அடி தேயவே இல்ல. போக எடமில்லாதவ, பாவம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வில்வண்டியில் வந்து இறங்குகிறவளுக்கு நடக்க வேண்டிய தேவை என்ன இருக்கிறது? இதில் பாவப்பட என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தனை தெரிந்த அம்மாவுக்குச் செருப்புக் கிடையாது. ஒரு சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வரும்போது வெயிலில் அவள் உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. அப்பாவிடம் அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். காலை நீட்டிக்கொண்டு எண்ணெய் தடவியபடியே, "எனக்கும் ஒரு செருப்பு வாங்கிக் குடுத்தா என்னவாம்?" என்றாள். அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. அவர் கோபப்படுகிற மனிதர் இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

"குடும்பப் பொம்பளைக்கு எதுக்குடி செருப்பு? கோயிலு எதுத்தாப்ல, கடை பக்கத்துல. நீ எங்க போகப் போற?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. எனக்குக்கூட அது நியாயமாகத்தான் பட்டது.

அப்பா நூல் கமிஷன் கடை ஒன்றில் இருந்தார். மாதத்தில் பாதி நாள் தூத்துக்குடியில் வேலை. ஊரிலிருந்து வந்ததும் பையை அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போவார். அம்மா அழுக்குத் துணிகளை வெளியே எடுப்பாள். அடியில் எனக்கென்று மக்ரூன் பொட்டலம் இருக்கும். அதற்காக நான் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்று மக்ரூனுக்கு முன்பாக இன்னொரு பொட்டலம் வந்தது. பழைய பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்தது. அம்மா பிரித்தாள். உள்ளே பெண்கள் போடும் செருப்பு, ஒற்றைச் செருப்பு. புதிதாகத் தைக்க வேண்டுமானால் அளவுக்குப் பழைய செருப்பு ஒன்றைக் கொடுத்துவிடுவது அப்போது வழக்கம். பெண்களுக்கு நன்றாகத் தைக்கிறவர்கள் மதுரையில் இருந்தார்கள்.

எனக்கு ஒரே குஷி. வெள்ளிக்கிழமை அல்லாத நாளில் ஒரு செருப்பு! கையைத் தட்டிக்கொண்டு, "அம்மா, இது யாருன்னு சொல்லு" என்றேன்.

அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, யாருடைய செருப்பையும் கையால் தொடாத என் அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மடியில் செருப்பா என்று நான் திகைத்துப் போனேன்.

"சொல்லும்மா."

"சின்னவ" என்றாள் அம்மா. "என்னைய விட ரொம்பச் சின்னவ. விரல் பதிஞ்சிருக்கு பாரு, புள்ள கால் மாதிரி."

"அப்புறம்?"

"வாரு நெறைய தடவ அந்துருக்கு. தானே தச்சுத் தச்சுப் போட்டிருக்கா, சேலை நூலு. புதுசு வேணும்னு கேக்கத் தெரியாதவ."

என்ன காரணமோ, அந்த இடத்தில் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. வாரின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பழைய தையல் பிரிந்த ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு வெளியே புதிய தையல் போட்டு வாரைத் தளர்த்தியிருந்தார்கள். குதிகால் பதிகிற இடம் மட்டும் ஆழமாக அமுங்கியிருந்தது.

"புள்ளத்தாச்சி" என்றாள் அம்மா. "பாரம் பின்னால சாயுது. காலு வீங்க ஆரம்பிச்சிருச்சு. ஒன்னச் சுமந்தப்ப எனக்கும் இப்படித்தான்."

எனக்குப் பிறகு அம்மாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. அதை அவள் ஒருபோதும் என்னிடம் பேசியதில்லை, அன்றும் பேசவில்லை. நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"நல்லவளா, கெட்டவளா?"

கிணற்றடியில் வாளிச் சத்தம் நின்றது. அம்மா செருப்பை அதே தாளில், இருந்த மடிப்பு மாறாமல் சுற்றினாள்.

"கெட்டவளா இருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

இது ஆட்டத்தின் விதிப்படி பதிலே இல்லை என்று நான் சிணுங்கிக்கொண்டிருக்கும்போதே அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தார். துணிகள் வெளியே கிடப்பதையும் பொட்டலம் அம்மா மடியில் இருப்பதையும் பார்த்தார். துவட்டிய கை அப்படியே நின்றது.

"அது... கடையில கூட இருக்குறவரு குடுத்துவிட்டாரு. அவரு வீட்டுக்கு" என்றார்.

"யாரு வீட்டுக்கா இருந்தா என்னங்க" என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை. "அளவ மட்டும் இப்படியே குடுத்துராதீங்க. ஒரு வெரக்கடை கூட வச்சுத் தைக்கச் சொல்லுங்க. மாசம் ஏற ஏற இன்னும் வீங்கும்."

பொட்டலத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அப்பா ஈரத் துண்டோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். தூத்துக்குடியில் அவருக்கு இன்னொரு வீடு இருந்தது என்பது எனக்குத் தெரிய இன்னும் பல வருஷங்கள் ஆயின. அன்று நான் மக்ரூனைத் தின்றுகொண்டு, பெரியவர்கள் ஒரு செருப்புக்காக ஏன் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தடவை ஊருக்குக் கிளம்புமுன் அப்பா இரண்டு ஜோடி தைத்து வாங்கி வந்தார். ஒன்று தாளோடு பைக்குள் போயிற்று. சிவப்பு வார் வைத்த இன்னொன்றை அம்மா முன்னால் வைத்தார். "காலு சுடுதுன்னியே" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். அம்மா அதைக் கொண்டுபோய் நடையின் மூலையில் வைத்தாள். அளவு சரியாக இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. அவள் அதில் கால் நுழைக்கவே இல்லை. அடுத்த சித்திரைக்கும் வெறுங்காலோடுதான் ஆற்றுக்கு வந்தாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. அம்மாவுக்கு ஆட்டத்தில் பழைய உற்சாகம் இல்லை. அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வந்தவர்களின் செருப்புகளுக்கு நடுவில் அவளுடையதையும் இழுத்து வைத்தேன். அவளைப் போலவே இடுப்பில் கை வைத்துக் குனிந்தேன்.

"இது யாருன்னு நான் சொல்லவா? அடி தேயவே இல்ல. போக எடமில்லாதவ, பாவம்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரியாச் சொல்லிட்ட தாயி" என்றாள். "நல்லவளா, கெட்டவளா? அதச் சொல்லலியே."

நான் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு தடயமும் இல்லை.

"போட்டு நடந்தாத்தானம்மா தெரியும்" என்றேன்.

அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. சிரித்துச் சிரித்தே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு, முதல் முறையாக ஆட்டத்தில் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.