பனிக்கிரகத்து டாக்டர் என்ன சொன்னார்?

பல்லக்காவுக்கு வயது நாற்பத்திரண்டு. வாயில் சொந்தப் பல் முப்பத்தொன்று. அவள் கைபட்டு ஊருக்குள் மென்றுகொண்டிருக்கும் பற்கள் எத்தனை என்று அவளுக்கே தெரியாது. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, மெழுகில் பல் நட்டு, பல்செட்டாகச் செய்து திருப்பி அனுப்பும் லேபில் இருபது வருடமாக இருக்கிறாள். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. லேபில் எல்லோருக்கும் அவள் பல்லக்காதான்.

மாவு அச்சு ஒன்றைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் போதும். இந்த ஆள் இடது பக்கம் மட்டும்தான் மெல்லுவார், இந்த அம்மா கோபத்தை வெளியே காட்டாமல் பல்லைக் கடித்தே தேய்த்திருக்கிறார் என்று சொல்லிவிடுவாள். விசாரித்தால் சரியாகவே இருக்கும். இந்த வித்தையை எங்கே கற்றாய் என்று கேட்டால் "டிவி பாத்து" என்பாள். கிண்டல் என்று நினைத்துச் சிரிப்பார்கள். அவள் உண்மையைத்தான் சொல்கிறாள்.

அவர்களுடைய வீடு அப்போது ஒற்றை அறைதான். அப்பாவுக்கு பேக்கரியில் அடுப்படி வேலை, விடிவதற்கு வெகு முன்னால் போயாக வேண்டும். அதனால் சாயங்காலம் ஏழு மணிக்கே படுத்துவிடுவார். டிவி இருந்ததும் அதே அறையில். பிள்ளைகள் முகத்தைப் பார்த்து மனம் இரங்கி அவர் ஒரு சட்டம் போட்டார்: "படம் ஓடட்டும். சத்தம் மட்டும் வரக் கூடாது." சட்டம் போட்டவர் அதை நம்பி விட்டுவிடவில்லை. சத்தம் கூட்டும் திருகைத் தனியாகக் கழற்றிக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு தூங்குவார்.

வியாழக்கிழமை ஏழரைக்கு ஒரு விண்வெளிக் கப்பல் தொடர். ஏதோ வெளிநாட்டுத் தொடரைத் தமிழில் பேச வைத்திருந்தார்களாம். இந்த வீட்டில் எந்த மொழியிலும் அது பேசவில்லை. பேசியது அண்ணன். ஐந்து வயது மூத்தவன். தங்கையின் காதோடு வாயை வைத்து, கப்பலில் இருந்த அத்தனை பேருக்கும் குசுகுசுவென்று குரல் கொடுப்பான். கேப்டனுக்குத் தொண்டையிலிருந்து, டாக்டருக்கு மூக்கால், இயந்திர மனிதனுக்குக் கழுத்தைக் கிள்ளிக்கொண்டு. கப்பல் கதவு திறந்தால்கூட "ஷ்ஷ்க்" என்பான். திரையில் வாய் மூடுகிற அதே நொடியில் இவன் வாயும் மூடும். அண்ணனுக்கு உதடு படிக்கத் தெரியும் என்று அவள் நம்பினாள். அண்ணனும் இல்லை என்று சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் வேறு ஏதோ கதை சொன்னார்கள். "நீங்க ஒழுங்கா கேக்கல" என்று அவர்களோடு சண்டைக்குப் போனாள். சத்தமே இல்லாமல் பார்த்தவள் சத்தத்தோடு பார்த்தவர்களைப் பிடித்து உலுக்கினாள் என்றால் அண்ணன் மேல் அவளுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று பாருங்கள்.

தொடரிலேயே அவளுக்கு உயிர், பனிக்கிரகத்துக் கதை. பனி மூடிய ஓர் இடத்தில் கப்பல் இறங்குகிறது. அங்கே குடியேறிய ஜனங்கள் காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறார்கள். கப்பல் உடனே கிளம்பியாக வேண்டும். கடைசி நான்கு நிமிடம் கேப்டன் கதவுக்கு உள்ளேயும் டாக்டர் வெளியே பனியிலும் நின்று பேசுகிறார்கள். கேப்டன் கண்ணில் நீர். கதவு மூடுகிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த நான்கு நிமிடத்தில் டாக்டர் அவள் காதில் சொன்னாரே, அதை அவள் இன்றும் ஒரு சொல் பிசகாமல் சொல்வாள்.

"நீங்க கெளம்புங்க கேப்டன். இவங்கள பாத்துக்க ஒருத்தர் வேணும். போறவரு கெட்டவரும் இல்ல, இருக்கறவரு ஏமாளியும் இல்ல. நான் இங்கயே இருக்கேன்."

இரண்டு மாதம் கழித்து அண்ணன் கப்பல் வேலைக்குக் கிளம்பினான். நிஜக் கப்பல், கடலில் போவது. பஸ் நிலையத்தில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் கேப்டன், நீ டாக்டர். சரியா பாப்பா?" என்றான். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் பெருமை தாங்கவில்லை. அழ மறந்துபோனாள்.

அதன்பிறகு அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, பேக்கரி போய், கட்டில் வந்தது. அப்பா போனபிறகு அந்தக் கட்டிலில் அம்மா படுத்தாள். நடுவில் வெளியூர் மாப்பிள்ளை ஒருவர் வந்தார், வேண்டாம் என்றாள். மேற்கொண்டு படிக்க வேறொரு ஊரில் இடம் கிடைத்தது. அதையும் வேண்டாம் என்றாள். "தியாகி" என்று எந்தச் சொந்தக்காரராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தியாகியாவது ஒன்றாவது. டாக்டர் தானாக இருக்கிறேன் என்று சொன்னவர். அவரை யாரும் பிடித்து வைக்கவில்லை. தலை நிமிர்ந்துதான் இருந்தாள்.

அம்மா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. போன வாரம் லேப் முதலாளி அவள் மேஜைக்கே வந்து, மெழுகு வாசனையில் மூக்கைச் சுளித்தபடி விஷயத்தைச் சொன்னார். ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளி ஒரு நகரத்தில் புது லேப் திறக்கிறார். முழுப் பொறுப்பும் அவளுக்குத்தான்.

"உங்களத் தவிர யாரையும் நம்பி விட முடியாதுங்க. திங்கக்கெழம பதில் சொல்லுங்க. இல்லேன்னா வேற ஆள் பாக்கணும்."

"முடியாதுங்க" என்பது அவள் நாக்கில் எப்போதும் தயாராக இருக்கும் சொல். அன்று அது வரவில்லை. வீட்டில் யார் காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தாள். யாரும் இல்லை. அப்படியென்றால் டாக்டர் அங்கே இன்னும் என்ன செய்துகொண்டிருக்கிறார்? அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணன் மகள் கைபேசியில் அனுப்பினாள்: "அத்தை! நீங்களும் அப்பாவும் பார்த்த கப்பல் சீரியல் முழுசும் வந்திருக்கு!" பல்லக்காவுக்கு உயிர் வந்தது. பனிக்கிரகத்தை ஒருமுறை பார்த்தால் மனம் தெளிந்துவிடும், திங்கட்கிழமை திடமாக "முடியாதுங்க" சொல்லிவிடலாம்.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவி, கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து போட்டாள். கப்பல் தகர டப்பா மாதிரி இருந்தது. பனி, வேறென்ன, உப்புத்தூள்தான். அதெல்லாம் பரவாயில்லை என்று சிரித்துக்கொண்டே பார்த்தாள். கடைசி நான்கு நிமிடம் வந்தது. டாக்டர் வாயைத் திறந்தார்.

"கேப்டன், என்னை விட்டுட்டுப் போகாதீங்க! தெரியாமப் பண்ணிட்டேன்!"

"தெரியாமலா? உன் புது மருந்தைச் சோதிச்சுப் பார்த்ததாலதான் இத்தனை பேருக்கும் காய்ச்சல். நீயே இருந்து பாரு."

"போகாதீங்க கேப்டன், போகாதீங்க!"

"பனிக்காத்து கண்ணுல அடிக்குது. கதவை மூடுங்கப்பா."

கதவு மூடியது. பல்லக்காவின் வாய் மூடவில்லை. வேறு ஏதோ கதையைத் தவறிப்போய்ப் போட்டுவிட்டோமோ என்று தலைப்பைப் பார்த்தாள். அதேதான். மறுபடி ஓட்டினாள். மறுபடியும் கெஞ்சினார். சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டினாள். அப்போது பழைய டாக்டர் வந்துவிட்டார். நிதானமாக, கண்ணியமாக, "நீங்க கெளம்புங்க கேப்டன்" என்றார். சத்தம் வைத்தால் குற்றவாளி, எடுத்தால் மகான்.

இருபது வருடம் வாய்களோடு குடித்தனம் நடத்தியவள் லேசில் விடுவாளா? முகத்தைத் திரையோடு ஒட்டிவைத்து உதட்டையே பார்த்தாள். டப்பிங் குரல் உதட்டோடு ஒட்டவே இல்லை; "போகாதீங்க" முடிந்தபிறகும் வாய் அசைந்துகொண்டிருந்தது. அண்ணன் சொன்னது அச்சில் செட் உட்காருவது போலக் கச்சிதமாக உட்கார்ந்தது. அப்படியானால் அண்ணன்தான் சரியோ? டப்பிங்காரர்கள்தான் கதையை மாற்றிவிட்டார்களோ? மூல மொழிக்கு மாற்றி, கீழே ஓடிய தமிழ் வரிகளைப் படித்தாள். அதிலும் "போகாதீங்க"தான். உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். எந்த டாக்டரை நம்பி முப்பது வருடம் இந்த வீட்டில் இருந்தோம் என்றே புரியவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, டாக்டர் என்ன சொன்னாரு?"

"எந்த டாக்டர்? ஐயோ, உனக்கு உடம்புக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. பனிக்கிரகத்து டாக்டர்."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "அதையா இன்னும் வெச்சிருக்க? எனக்கெப்படித் தெரியும் பாப்பா? எனக்கும்தான் சத்தம் கேக்கல. அப்பா கைக்குள்ள இருந்துச்சே திருகு."

"உனக்கு உதடு படிக்கத் தெரியும்ல?"

"யாரு சொன்னா? வாய் அசையறதுக்குத் தக்கன அடிச்சு விடறதுதான்."

அவளுக்கு மண்டை சூடானது. "அப்போ 'நான் இங்கயே இருக்கேன்'னு சொன்னது யாரு?"

சிரிப்பு நின்றது. பிறகு அண்ணன் தணிந்த குரலில் சொன்னான்: "அந்த வாரந்தான் கப்பல் வேலைக்குக் கடுதாசி வந்துச்சு. யாருகிட்டயும் காட்டல. அப்பாவுக்கு இருமல் ஆரம்பிச்சிருந்துச்சு. போறதா வேண்டாமான்னு எனக்கு ஒண்ணுமே ஓடல. யாராச்சும் 'நீ போ'ன்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு. அந்த நேரம் அந்த ஆளு வாயத் தொறந்தாரு. சொல்ல வெச்சுட்டேன்."

"அவரு 'போகாதீங்க'ன்னு கெஞ்சறாரு அண்ணா. அழுவறாரு."

"எனக்கென்ன தெரியும்..." அவன் குரல் கம்மியது. "நீ சொல்லியிருக்கலாமே பாப்பா. பஸ் ஸ்டாண்டுல ஒரு தடவ போகாதேன்னு நீ சொல்லியிருந்தா, சத்தியமா நான் போயிருக்க மாட்டேன்."

"எனக்கு அந்த வசனத்த நீ குடுக்கலையே."

சொன்னபிறகுதான் எவ்வளவு கோபம் உள்ளே இருந்தது என்று அவளுக்கே தெரிந்தது. அண்ணன் மேல் கோபமா, தன் மேலா, உப்புத்தூளில் நின்று கெஞ்சிய அந்த நடிகர் மேலா என்று பிரிக்க முடியவில்லை. பன்னிரண்டு வயதில் தனக்கும் ஒரு வாய் இருந்ததே, அது அன்றைக்கு என்ன சொல்ல நினைத்தது? யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. அந்த இடத்தில் அண்ணனின் குரல்தான் இருந்தது.

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, புது லேப் விஷயத்தைச் சொன்னாள். நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாள். அண்ணன் வாழ்த்துச் சொல்வான் என்று எதிர்பார்த்தாள்.

"இரு இரு," என்றான் அண்ணன். "அப்போ வீடு?"

"வீட்டுக்கென்ன?"

"இல்ல பாப்பா... கப்பல் போதும்னு ஆயிடுச்சு எனக்கு. வர்ற வருஷம் விட்டுட்டு அங்கயே வந்துடலாம்னு இருக்கோம். உங்க அண்ணிகூட சரின்னுட்டா. நீ அங்க இருக்கேங்கற தைரியத்துலதான் எல்லாம்." அவன் மூச்சு விடுவது போனில் கேட்டது. "இத்தன வருஷம் எந்தக் கடல்ல கெடந்தாலும், அங்க நீ இருக்கேன்னுதான் தூங்குவேன். போகாதே பாப்பா."

அது பனியில் நின்றவர் சொல்ல வேண்டிய வார்த்தை. கப்பலுக்குள் இருந்தவர் சொல்கிறார், அதுவும் முப்பது வருடம் கழித்து. பல்லக்காவுக்கு வந்தது பாசமா, ஆத்திரமா என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. அண்ணன் ஒருபோதும் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இதோ கேட்கிறான். இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. இன்னும் ஒரு நிமிடம் அவன் பேசினால் இருந்துவிடுவோம் என்று பயந்தாள்.

"அண்ணா, எனக்கு ஒண்ணும் புரியல," என்றாள். "ஆனா நாளைக்கு அவருகிட்ட சரின்னு சொல்லிடப் போறேன். சாவிய எதுத்த வீட்டுல குடுத்துட்டுப் போறேன். நீ வந்து வாங்கிக்க."

ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"யாரு உன்னப் போகச் சொன்னது?" என்றான் அண்ணன்.

"யாரும் சொல்லல அண்ணா. அதான் பயமா இருக்கு."