நிறைய ஊற்றினால் 'கிளம்பு' என்று அர்த்தம்

போன சனிக்கிழமை எனக்குப் பரீட்சை. வயது அறுபத்தொன்று. ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்குப் போனபோது இருந்த அதே பயம்!

"தாலுகா ஆபீஸ்ல முப்பது வருஷம் ஊரையே நிக்க வச்சுட்டு, இப்ப அரபி டீச்சருக்குப் பயப்புடுதியளே!" என்று இட்லித் தட்டை வைத்தாள் என் மனைவி கோமதி. சந்தோஷம் அவளுக்கு. நிற்க வைக்கப்பட்டவர்களின் சார்பில் பேசுகிறவள் அவள்.

ஆமாம், உங்களிடம் இதுவரை மறைத்துவிட்டேன். ஒரு வருஷமாகச் சனி, ஞாயிறுகளில் பல்கலைக்கழகத்தில் அரபி மொழியும் பண்பாடும் படிக்கிறேன். டிப்ளமோ!

விஷயம் தெரிந்ததும் தெருவில் ஆளாளுக்கு ஒரு கேள்வி. "துபாய்ல ஏதும் வேலை கெடச்சிருக்கா வே?" என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி. "பென்ஷன் பத்தலையோ?" என்று அக்கறையாகக் கேட்டார் இன்னொருவர். ரிட்டையர் ஆனவன் கோயிலுக்குப் போகலாம், கோர்ட்டுக்குப் போகலாம், காலேஜுக்குப் போகக்கூடாதா?

உண்மைக் காரணம் ரொம்பச் சின்னது. தாசில், ஜில்லா, மகசூல், அசல், நகல், ஆஜர், ரத்து... சர்வீஸ் முழுக்க நான் எழுதித் தேய்த்த வார்த்தைகள். எல்லாம் அரபியிலிருந்து வந்தவை என்று ரிட்டையர் ஆன பிறகுதான் எங்கேயோ படித்தேன். முப்பது வருஷம் ஒருத்தர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவர் பெயரைக் கேட்காமலே வந்த மாதிரி ஒரு கூச்சம். சரி, விசாரித்துவிட்டு வருவோம் என்று போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பில் பன்னிரண்டு பேர். என் பக்கத்து பெஞ்ச், ஜெசிந்தா. உவரிக்காரி. முப்பத்திரண்டு வயது. விடிவதற்குள் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருவாள். கணவர் அந்தோணி வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் வேலை பார்க்கிறார் — பெரிய கப்பல்களை இழுத்துக் கரை சேர்க்கிற படகில். கல்யாணமாகி ஒன்பது வருஷம். வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார், போவார்.

எனக்கு அரபி பொழுதுபோக்கு. அவளுக்கு அப்படியில்லை.

அந்தோணி இருக்கிற ஊரிலேயே ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை — அரபியில் பேசவும், வருகிறவர்களை அவர்கள் முறைப்படி வரவேற்கவும் தெரியும் என்று சர்டிபிகேட் வேண்டும். இந்த மாசக் கடைசிக்குள். எழுத்துப் பரீட்சையை முடித்துவிட்டாள். மிச்சம், வாய்மொழித் தேர்வு. அதில் கோட்டை விட்டால் அடுத்த தேர்வு ஆறு மாசம் கழித்துத்தான். கிளினிக் காத்திருக்குமா?

"அண்ணாச்சி, எனக்கு இது பரீட்சை இல்ல. டிக்கெட்டு" என்பாள்.

வாய்மொழித் தேர்வு எப்படியென்றால் — வெளியூரிலிருந்து வருகிற எக்ஸாமினர்தான் விருந்தாளி. மாணவர் வீட்டுக்காரர். வாசலில் வரவேற்று, உட்கார வைத்து, நலம் விசாரித்து, காப்பி கொடுத்து, பத்து நிமிஷம் அரபியில் பேச வேண்டும். காப்பி ஊற்றித் தர சக மாணவர் ஒருவர், குலுக்கல் முறையில். ஜெசிந்தாவுக்குச் சீட்டில் வந்தது யார் தெரியுமா? சாட்சாத் அடியேன்!

இந்த இடத்தில் அரபுக் காப்பியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நீள மூக்கு வைத்த பித்தளைப் பாத்திரத்தை இடது கையில் பிடித்து, கைப்பிடி இல்லாத குட்டிக் கிண்ணத்தில் கொஞ்சமாக, அடியில் கால்வாசிதான் ஊற்ற வேண்டும். குடித்ததும் மறுபடி கொஞ்சம். விருந்தாளி போதும் என்று கிண்ணத்தை ஆட்டிக் காட்டுகிற வரைக்கும். விளிம்பு வரை நிறைத்துவிட்டால்? 'இதைக் குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். விருந்தாளியை அவமானப்படுத்துகிற வேலை அது.

எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். எழுத்துப் பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியாகவே வந்தது. இரண்டுக்கு இரண்டு வாங்கியவன் நான்!

ஆனால் பாருங்கள், வகுப்பில் பயிற்சி எடுத்ததெல்லாம் காலிப் பாத்திரத்தில். வாரா வாரம் ஏலக்காய் போட்டுக் காப்பி வடிக்க யாருக்கு நேரம்? சும்மா சாய்ப்போம், சும்மா குடிப்போம். வெறும் பாத்திரத்தில் ஊற்றுவதற்கு அளவு ஏது?

தேர்வு அறை. எக்ஸாமினர் வந்தார். எழுபதை நெருங்கிய புரொபசர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத முகம். ஜெசிந்தா வரவேற்றாள், பிரயாணம் சௌகரியமா என்று விசாரித்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த எங்கள் அரபி டீச்சர் பரீதா மேடத்தின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம். 'இப்போது காப்பி' என்று ஜெசிந்தா என்னைப் பார்த்தாள்.

நான் பாத்திரத்தை எடுத்தேன். நிஜக் காப்பி. ஆவி பறக்கிறது. ஏலக்காய் வாசனை வேறு...

நம் ஊரில் விருந்தாளிக்கு யாராவது அரை டம்ளர் கொடுப்பார்களா? வண்ணார்பேட்டை டீக்கடையில் கிளாஸ் ஒரு விரல்கடை குறைந்தால்கூட, "என்ன அண்ணாச்சி, பாதி காத்தை ஊத்தியிருக்கேரு?" என்று கேட்கிற ஊர் இது. எங்கள் குடும்பத்தில் மோர் ஊற்றினால் டம்ளர் வழிந்து டவராவில் நிற்க வேண்டும். அந்தக் கை இது. எழுதிய மூளை வேறு, ஊற்றிய கை வேறு.

விளிம்பு வரை ஊற்றிவிட்டேன்!

நிமிர்ந்து பார்த்தால் பரீதா மேடம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எக்ஸாமினர் கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கிண்ணத்தைத் தொடாமலே எழுந்தார். பைலைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, எனக்கு விடை கொடுத்துவிட்டீர்கள். வருகிறேன்" என்று அரபியில் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடக்கவே ஆரம்பித்துவிட்டார்.

விருந்தாளியாக நடிக்கிறாரா, நிஜமாகவே போகிறாரா? எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிஷத் தேர்வில் மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்தப் பெண்ணின் ஒன்பது வருஷத்தை ஒரு கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டோமே! ஜென்மத்தில் அப்படி ஒரு குற்ற உணர்ச்சியை நான் அனுபவித்ததில்லை.

ஜெசிந்தா என்ன செய்தாள் தெரியுமா? ஓடிப் போய் வாசலை மறித்து நின்றுகொண்டாள்.

மனப்பாடம் செய்த வாக்கியங்கள் எதுவும் அந்த இடத்துக்கு உதவாது. திக்கித் திக்கி, இலக்கணமெல்லாம் உடைந்து, ஆனால் நிறுத்தாமல் அவள் அரபியில் பேசியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்:

"ஐயா, உட்காருங்கள். எங்கள் ஊரில் பாத்திரம் நிறைந்தால் 'இருங்கள்' என்று அர்த்தம். குறைத்து ஊற்றினால் வீட்டுக்காரிக்கு மனசில்லை என்று அர்த்தம். இவர் என் அண்ணன். நீங்கள் வந்த சந்தோஷத்தில் எங்கள் ஊர்ப் பழக்கத்துக்கு ஊற்றிவிட்டார். என் கணவர் ஒன்பது வருஷமாக விருந்தாளி போல வந்து வந்து போகிறார். ஒவ்வொரு முறையும் இப்படித்தான் வாசலில் நிற்கிறேன். இன்றைக்கு யாரையும் என்னால் அனுப்பி வைக்க முடியாது."



எக்ஸாமினர் திரும்பி வந்தார். உட்கார்ந்தார். கிண்ணத்தை எடுத்து, சூடு பொறுக்க முடியாமல் விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். பிறகு கிண்ணத்தை ஆட்டிக் காட்டாமல் என் பக்கம் நீட்டினார். இந்த முறை கால்வாசிதான் ஊற்றினேன். சத்தியமாக!

அதன் பிறகு கேள்விமேல் கேள்வி. உவரிக் கடலைப் பற்றி, மீனைப் பற்றி, மாதா கோயிலைப் பற்றி. பத்து நிமிஷம் இருபது ஆனது. சொந்தமாகப் பேச ஆரம்பித்தவளை இனி யார் நிறுத்துவது?

என்னுடைய தேர்வு சுமாராக முடிந்தது, அதை விடுங்கள். சாயங்காலம் பரீதா மேடம் வராண்டாவுக்கு வந்தார். "ஜெசிந்தா, பேச்சுல நீதாம்மா முதல் மார்க்கு. புரொபசரே ஒன்ன விசாரிச்சாக" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஓங்க புண்ணியத்துல அரை உசிரு போய் வந்துட்டு சார்" என்றார். வாங்கிக்கொண்டேன். அந்தத் திட்டு எனக்குக் கிடைக்க வேண்டியதுதானே?

நான் ஜெசிந்தாவிடம், "என்னைய மன்னிச்சிரும்மா" என்றேன்.

"போங்கண்ணாச்சி... நீங்க சரியா ஊத்தியிருந்தியன்னா நான் படிச்சத ஒப்பிச்சுட்டு வந்திருப்பேன். இன்னைக்கித்தான் பேசுனேன்" என்று சிரித்தாள். பெருந்தன்மைக்குச் சொல்கிறாளா, நிஜமா? எதுவானாலும் அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது.

உடனே செல்போனில் வீடியோ கால் போட்டாள். அங்கே அந்தோணி, படகு ஆபீஸ் வாசலில் வேர்வையோடு நிற்கிறார். நானும் எட்டிப் பார்த்துக் கும்பிட்டேன்.

"இந்தா பாருங்க, ஆறு பேரோட படுத்துக் கெடக்கியளே, அந்த ரூமைக் காலி பண்ணுங்க. வீடு பாருங்க. நான் வாரேன்."

திரையில் முகத்தைக் காணோம். சிக்னல் போய்விட்டதோ என்று மறுபடி எட்டிப் பார்த்தேன். போகவில்லை. மனிதர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் கொண்டிருந்தார்.

தான் எழுதாத பரீட்சையில் பாஸானதற்காக ஒருவர் இப்படி அழுது நான் பார்த்ததேயில்லை!