இரண்டாம் கூண்டுக்கு மூன்று நெல்லிக்காய்

எலி அறைக்குள் நுழையுமுன், எலிகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் கஜபதி சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டுகிறார். பிறகு கால்சட்டைப் பைகள். ஒன்றுமில்லை என்று ஆராய்ச்சி மாணவி ஞானகுமாரி தலையாட்டிய பிறகுதான் செருப்பைக் கழற்றுகிறார். வானகரம் பக்கத்து மருந்தியல் கல்லூரியில் தினமும் காலை எட்டு மணிக்கு இது நடக்கிறது.

இதற்கு ஊர் ஒரு காரணம் வைத்திருக்கிறது. எலிகளுக்குச் சாராயம் ஊற்றி ஈரலைக் கெடுத்து, பிறகு மருந்து கொடுத்துத் தேற்றுகிறார்களாம். எலிக்கு அளந்தது போக மிச்சம் கஜபதிக்காம். அவர் குடியிருக்கும் திருமுல்லைவாயிலில் மூன்று டீக்கடைகளில் கேட்டேன். மூன்றாவது கடையில் எலிக்குச் சுண்டலும் சேர்ந்திருந்தது. விசாரிக்கப் போனேன். பத்திரிகைக் கடமை பாதி; அந்த மருந்து மனிதருக்கும் கிடைக்குமா என்ற நப்பாசை மீதி.

“இன்னா சார், எலிகூட உக்காந்துகினு குடிக்கிறவனாட்டமா கீறேன்? குடிக்கிறவன் பாட்டில சட்டப்பையிலயா வெப்பான்?” என்றார் கஜபதி.

நியாயம். ஊற்றுவது சாராயமே இல்லை. கறை எடுக்கிற ஒரு திரவம். ஈரலைப் பொசுக்கிவிடும். மூன்று கூண்டுகள், கூண்டுக்கு ஆறு எலிகள். முதல் கூண்டுக்குத் தொந்தரவில்லை. இரண்டாவதற்கு விஷம் மட்டும். மூன்றாவதற்கு விஷமும், ஞானகுமாரி காய்ச்சி வடித்த மூலிகைச் சாறும். ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று அவர் அரைமணி நேரம் விளக்கியதைக் கஜபதி ஒரே மூச்சில் முடித்தார்: “உள்ள துரு புடிக்குது சார், கேட்டு கம்பியாட்டம். பாப்பா அடிக்கிறது பெயிண்டு.” பாப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார்; மறுக்கவில்லை.

கஜபதிக்குப் பலவீனம் உண்டு. அது இரண்டாம் கூண்டு.

“எனக்குக் காமாலை வந்தப்போ ஊட்ல சொர்ணம் தெனம் நெல்லிக்கா குட்த்து எழுப்பி உட்டா. இதுங்களுக்கு யாரு சார் கீறாங்க?”

போன வருடம் ஐந்து வாரம், சட்டைப்பையில் நெல்லிக்காய் கொண்டுபோய் நறுக்கிப் போட்டிருக்கிறார். “மொத நாளு மூஞ்சிய சுளிச்சிச்சுங்க. அப்பால உப்பு தொட்டுக் குட்த்தேன்.”

ரத்தப் பரிசோதனையில் இரண்டாம் கூண்டும் மூன்றாம் கூண்டும் ஒன்றுபோல் இருந்தன. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்று என்றால் மருந்து எதற்கு என்று பேராசிரியர் கேட்டார். ஞானகுமாரி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். கஜபதி தானாகவே அவரிடம் போய்ச் சொல்லிவிட்டார். தற்காலிக வேலை, ஒரு வார்த்தை மேலே போயிருந்தால் சீட்டுக் கிழிந்திருக்கும். அந்தப் பெண் பேராசிரியரிடம், “கூண்டைக் கலந்துட்டேன் சார், என் தப்பு” என்றாராம். முதலிலிருந்து செய்ய ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். இதுவும் போனால் பட்டமும் போகும். மறுநாள்தான் கஜபதி பையை இழுத்துக் காட்ட ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை.

அன்று எலிகளைக் காப்பாற்றியது நெல்லிக்காயா, உப்பா, கஜபதியின் கொஞ்சலா? தெரியாது. அதற்கு வேறு மூன்று கூண்டுகள் வேண்டும்.

நான் போன அன்று முடிவு வந்தது. கூண்டுக்கு மூன்று எலிகளின் ஈரலை எடுத்துப் பார்த்திருந்தார்கள். இரண்டாம் கூண்டில் வெளிறிப் புள்ளி விழுந்திருந்தது. மூன்றாம் கூண்டில் நல்ல செம்பழுப்பு; புதுத் திசுவே வளர்ந்திருக்கிறது என்று ஞானகுமாரி நுண்ணோக்கியை விட்டு எழுந்து சொன்னார். “பாஸ் ஆய்ட்டியா பாப்பா?” என்றார் கஜபதி. “ஆயிடுவேன்ணே.”

“அப்போ ரெண்டாங் கூண்டுல மிச்சம் மூணுக்கும் இப்ப நெல்லிக்கா குடுக்கலாமா?”

“ஒரு மாசம் பொறுங்கண்ணே. ஈரல் தானாவே எவ்ளோ தேறுதுன்னு பார்க்கணும்.”

கஜபதி வெளியே வந்தார். ஜன்னலின் வெளிப்பக்கத் திட்டில் மூன்று நெல்லிக்காய்கள் வாடிக் கிடந்தன. அவற்றை எடுத்தெறிந்துவிட்டு, சைக்கிள் பையிலிருந்து புதிதாக மூன்றை எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வரிசையாக வைத்தார்.