பீரங்கி வீட்டு யன்னல்

என் மனைவி அருள்மலருக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. விருந்துக்குப் போனாலும் அந்த வீட்டுக் கதவின் கைபிடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். அப்படிப்பட்டவளுக்கு லுசேர்ண் நகருக்கு மேலே மலையிலுள்ள இராணுவ முகாமில் துப்புரவு வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. ஹோட்டல் அறைகளில் முதுகு முறிந்தது போதும், இது நிலைக்க வேண்டும் என்று மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தாள்.

முகாம் உலகப் போர்க்காலத்தில் கட்டியது. அன்று குதிரை கட்டிய கொட்டில்தான் இன்றைய சாப்பாட்டுக்கூடம். ஒரு காலத்தில் அகதிகளையும் அங்கே தங்க வைத்தார்கள், நானும் படுத்திருக்கிறேன். அந்த இரட்டைத்தட்டுக் கட்டில்கள் இன்னமும் கிரீச்சிடுகின்றனவாம், வெட்கங்கெட்டவை. படையினர் வராத வாரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். படுக்கையறை, சமையலறை, துப்பாக்கி சுடும் திடலின் கழிப்பறை வரை பளபளக்க வைத்தாள். வாசலோரம் நின்ற மரவீட்டின் யன்னலையும் அவள் விடவில்லை.

அது வீடே இல்லை, பழைய பீரங்கி அறை. எதிரியை ஏமாற்றக் கொங்கிறீற் சுவரில் பலகையும் யன்னலும் திரைச்சீலையும் வரைந்து வைத்திருந்தார்கள். இதை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கண்ணாடி மங்கிவிட்டது என்று நினைத்து, காரமான மருந்தை ஊற்றி உரஞ்சியிருக்கிறாள். திரைச்சீலை கரைந்து வாளிக்குள் வந்த பிறகுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்து அழுதாள். "திங்கட்கிழமை புதுக் கேர்ணல் முகாமைப் பார்க்க வாறாராம். என்ரை வேலை போச்சுது."

"பொறுப்பாளர் ஒடர்மாட்டிட்டைச் சொல்லன்."

"சொன்னனான். அந்தாள் தலையிலை கையை வைச்சிட்டு, அதுக்குள்ளை எப்பிடியாவது சரிப்படுத்து எண்டிட்டார். பாலன் குடிலுக்கு வாங்கின பெயின்ற் இருக்கெல்லோ, எடுங்கோ."

வருடா வருடம் கிறிஸ்மஸ் குடிலுக்காகக் கோயிலில் பெத்லகேமையே வரைகிறவளுக்கு ஒரு யன்னல் எம்மாத்திரம்? ஞாயிற்றுக்கிழமை குளிரில் பல் கிட்டக்கிட்ட நான் ஏணி பிடித்தேன்.

"ஏனப்பா திறந்த யன்னலா வரையிறாய்?"

"காலமையிலை திறந்து காத்து விடவேணும். இஞ்சை எல்லா வீட்டிலையும் அதுதானே வழக்கம்."

"உள்ளுக்கை பீரங்கியெல்லோ இருக்கு!"

"அதுக்கும் காத்து வேணும். நீங்கள் ஏணியைப் பிடியுங்கோ."

திங்கட்கிழமை கேர்ணல் வந்தார். முகாம் முழுவதையும் பார்த்துத் தலையாட்டியவர் வாசலோரம் வந்ததும் நின்றார். முகம் சிவந்துவிட்டது.

"ஹீற்றர் எரிகிற காலத்தில் யன்னலைத் திறந்து போட்டது யார்?"

அருள்மலர் ஒடர்மாட்டைப் பார்த்தாள். ஒடர்மாட் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொறுமை இழந்த கேர்ணல் தானே போய் யன்னலைச் சாத்தக் கையை வீசினார். டொக்!

வேலை போய்விட்டது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கேர்ணல் விரல்களை உதறினார், யன்னலைப் பார்த்தார், திரும்பவும் விரலைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஒடர்மாட், இந்த அம்மாவை வெளியே விட்டுவிடாதே."

அன்று பின்னேரமே வேலை நிரந்தரமானது. நான் கேக் வாங்கிக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனால் ஆள் ஏணியில் நிற்கிறாள். கேர்ணலின் கையடையாளம் யன்னலில் பட்டுவிட்டதாம், துடைக்கிறாள்.