சோணைமுத்து வீட்டு ஓட்டு

அரிசி ஆலையில் மூட்டை தைக்கிற வேலை சோணைமுத்துவுக்கு. அதைக் கடனே என்று செய்வார். தேர்தல் வந்துவிட்டால் ஆளே வேறு. காரைக்குடியிலிருந்து அமராவதிபுதூர் வரைக்கும் எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு, எந்த வீடு எந்த வீட்டோடு பேசாது, எந்த வீட்டில் மாமியார் சொன்னால் மொத்த வீடும் கேட்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அறுபத்திரண்டு சட்டசபைத் தேர்தலில் அவர் ஓடியாடி வேலை பார்த்தும், தொகுதியில் நின்ற வக்கீல் செம்மலை நாற்பத்தொரு ஓட்டில் தோற்றுப்போனார். காரணம் பிறகுதான் தெரிந்தது. சோணைமுத்துவின் சொந்தக் கிராமத்திலேயே அறுபது பெண்கள் ஓட்டுப் போடாமல் திரும்பியிருந்தார்கள். சாவடி அதிகாரி பட்டியலைச் சரிபார்க்கப் புருஷன் பெயரைக் கேட்டிருக்கிறார். கட்டினவர் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லுகிற வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. வெளியூர்க்காரருக்கு அது எங்கே தெரியும்? முதலில் நின்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்ட, மற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். சோணைமுத்துவின் மனைவி பொன்னுத்தாயியும் அதில் சேர்த்தி. வீட்டில் அவள் மூச்சு விடவில்லை.

அறுபத்தேழில் மறுபடி நின்றபோது வக்கீல் கறாராகச் சொல்லிவிட்டார். "ஜெயிச்சா நீ என் உதவியாளரா மெட்ராஸ் வா. தோத்தா நான் கோர்ட்டுக்குப் போறேன், நீ ஆலைக்குப் போ."

சோணைமுத்துவுக்கு ஆலையை நினைத்தாலே குமட்டியது. வீட்டுக்கு வீடு போய், பெண்கள் பெயர், புருஷன் பெயர், வரிசை எண் எல்லாம் எழுதிய சீட்டைக் கொடுத்தார். கொல்லைப்புறத்தில் அவர்களை வரிசையில் நிற்கவைத்து, தானே அதிகாரியாக உட்கார்ந்து அதட்டிப் பழக்கினார்.

"ஒண்ணும் பேச வேணாம் தாயி. சீட்ட நீட்டுங்க, மையி வச்சுக்கங்க, குத்திட்டு வாங்க."

ஓட்டு நாளன்று அவரே கிராமத்துச் சாவடியில் ஏஜெண்டாக உட்கார்ந்தார். எதிர்க்கட்சி ஏஜெண்டாக எதிரே சொக்கு. பொன்னுத்தாயிக்கு மாமன் மகன், கேலி பேசுகிற முறை. பெண்கள் வரிசையில் பொன்னுத்தாயிதான் முதல் ஆள். அவளுக்குப் பின்னால் எழுபது பேர். அவள் சீட்டை நீட்டினாள்.

"கட்சிக்காரங்க சீட்டெல்லாம் செல்லாதும்மா. வாயால சொல்லணும். வீட்டுக்காரர் பேர் என்ன?" என்றார் அதிகாரி.

சோணைமுத்து பதறி எழுந்தார். "சார், அது என் சம்சாரம்தான்."

"ஏஜெண்டு சொல்லப்படாது சார். அவுகளே சொல்லட்டும்" என்றான் சொக்கு, மீசையைத் தடவியபடி. "என்ன பொன்னு, சொல்லுறியா, போன தடவ மாதிரி வீட்டுக்குப் போறியா?"

வரிசையில் நாலைந்து பேர் அப்போதே முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார்கள். அத்தனை நாள் உழைப்பு வாசலைப் பார்த்துத் திரும்புவதைச் சோணைமுத்து கண்ணால் கண்டார். பொன்னுத்தாயி புருஷனைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, சொக்கு மேல் ஆத்திரமாகவும் வந்தது.

"சோணைமுத்து!" என்றாள். சாவடிக்கு வெளியே ஆண்கள் வரிசைக்கே கேட்டது. "எம் புருசன் பேரு சோணைமுத்து. போதுமா, இன்னொருக்கா சொல்லணுமா?"

அடுத்து நின்றவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே "வயிரவன்!" என்றாள். அதற்கடுத்தவள் "குழந்தைவேலு!" என்று கத்தினாள். பிறகு கேட்கவே வேண்டாம். கூப்பிட்டார்கள் என்று நினைத்து வயிரவனும் குழந்தைவேலுவும் வாசலுக்கே ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்திகூடத் திரும்பிப் போகவில்லை.

செம்மலை அறுநூறு ஓட்டில் ஜெயித்தார். சொன்ன சொல் தவறாமல் சோணைமுத்துவை மெட்ராசுக்குக் கூட்டிப்போனார். தொகுதியிலிருந்து மனுவோடு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டு, கையைப் பிடித்துச் செயலகம் முழுக்க அழைத்துப் போவார் சோணைமுத்து. எந்த மனு எந்த மேசையில் தூங்குகிறது என்று அவருக்குத் தெரியும். போய் எழுப்பாமல் விடமாட்டார். மனுஷருக்கு அதில் அப்படியொரு சந்தோஷம்.

ஒரே ஒரு குறைதான். ஊருக்கு வரும்போதெல்லாம் பொன்னுத்தாயியிடம் கெஞ்சுவார். "ஒரே ஒரு தடவ எம் பேரச் சொல்லு பிள்ள."

"ஆசையப் பாரு! அடுத்த எலெக்சன் வரட்டும்."

எழுபத்தொன்றில் சட்டசபையை ஒரு வருஷம் முன்னாடியே கலைத்துத் தேர்தல் அறிவித்தார்கள். எம்.எல்.ஏ. விடுதி முழுக்க இழவு வீடு மாதிரி இருந்தது. பதவி போச்சே என்று செம்மலை நெற்றியில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். சோணைமுத்து மட்டும் சீட்டியடித்துக்கொண்டே ஊருக்குப் பெட்டி கட்டினார்.