பத்தாவது ஆள்

நாடாளுமன்றக் குழு அறைகளில் அவருக்கு வைத்த பெயர் ஆள்பிடி. சம்பளப் பட்டியலில் உதவியாளர். முப்பது உறுப்பினர்கள் உள்ள குழுவில் பத்துப் பேராவது வந்து உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும். அந்தப் பத்துப் பேரைக் கேன்டீனிலிருந்தும் தாழ்வாரத்திலிருந்தும் நயந்து பேசி அழைத்து வருவது அவர் வேலை. யார் எந்த மேசையில் அரட்டை அடிப்பார், யாரை எப்படிக் கிளப்பலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அன்று தொழிலாளர் பாதுகாப்புக் குழு. சாட்சி சொல்ல வந்தவள் அவருடைய கூடப்பிறந்த தங்கை. ஆலையில் தகடு அழுத்தும் இயந்திரத்துக்கு வலது கை விரல்களைக் கொடுத்தவள். வேலை வேகமாக நடக்கட்டும் என்று பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றச் சொன்னவர் மேலாளர். அது குழுவின் அறிக்கையில் ஏறினால்தான், மூடிப்போட்ட அவள் வழக்கு மறுபடி திறக்கும். மறுநாள் அறிக்கை போயாக வேண்டும்.

"ஆள் வருவாங்களாண்ணே?"

"உங்கண்ணனுக்கு இதுகூட முடியாதா? நீ தைரியமா பேசும்மா."

ஒன்பது பேர்தான் வந்தார்கள். தலைவர் கூட்டத்தைக் கலைக்க வாயெடுத்தார். ஆள்பிடி ஓட்டமும் நடையுமாகக் கேன்டீனுக்குப் போனார். ஜன்னலோரத்தில், கூப்பிட்ட குரலுக்கு வருகிற கிழ உறுப்பினர் ஒருவர் தனியாக இருந்தார்.

"ஐயா, ஒரு ஆள் குறையுதுங்க."

"டீய முடிச்சுட்டு வரேம்ப்பா."

"டீய நான் தூக்கிட்டு வரேங்கய்யா, நீங்க எந்திரிங்க."

தங்கை பேசினாள். முதலில் திக்கினாள்; பிறகு கொட்டித் தீர்த்தாள். மற்றவர்கள் செல்பேசியை நோண்டிக்கொண்டிருக்க, கிழவர் டீயைத் தொடாமல் கேட்டார். அவள் முடித்ததும், ஆலை முதலாளிக்கு வேண்டப்பட்ட உறுப்பினர் சாவகாசமாகக் கையைத் தூக்கினார்.

"தலைவரே, பெரியவர் இந்தக் குழுவுலயே இல்லையே. போன வாரம் குழுக்கள மாத்தி அமைச்சப்ப மீன்வளக் குழுவுக்குப் போயிட்டாரே."

அறையே சிரித்தது. கிழவர் விழித்தார். "கூப்பிட்டாங்க, வந்தேன்."

மாற்றம் ஆள்பிடிக்கும் தெரிந்ததுதான். பதற்றத்தில் பழகிய கால்கள் பழகிய மேசைக்கே போய்விட்டன.

ஒன்பது பேர் கேட்டால் அது குழு கேட்டதாகாது. சாட்சியத்தை நீக்கச் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்த தலைவர், கை தூக்கியவரிடம் சலித்துக்கொண்டார்: "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"அந்தம்மா பேசறப்ப குறுக்க பேசினா நாகரிகமா இருக்காதேன்னு பார்த்தேன்."

தாழ்வாரத்தில் தங்கை கேட்டாள்: "மறுபடி எப்பண்ணே பேசணும்?"

"இனிமே இல்லம்மா. தொழிலாளர் தரப்புல யாரும் வரலைன்னு எழுதிடுவாங்க."

"அப்ப நான் யாருண்ணே?"

வாசலில் காவலர் நுழைவுச் சீட்டைத் திருப்பிக் கேட்டார். அவள் இடது கையால் அதை மார்போடு அழுத்திக்கொண்டாள்.

"தர மாட்டேன். நான் வந்தேங்கறதுக்கு இது ஒண்ணாவது இருக்கட்டும்."

"வெளிய கொண்டுபோக விடமாட்டாங்கம்மா" என்றார் ஆள்பிடி. அவரே அவள் விரல்களைப் பிரித்து, சீட்டை எடுத்துக் காவலரிடம் கொடுத்தார்.