நாலாவது குவியல்

மகள் புதிய கைத்தொலைபேசி வாங்கியபோது பழையதை எனக்குத் தந்தாள். "நான் கந்தோர் வேலைக்குப் போனால் நீ தனியெல்லோணை. ஏதுமெண்டால் எடுத்துக் கதை" என்றாள். நான் யாருக்கும் எடுத்துக் கதைக்கவில்லை. கதைப்பது எனக்குச் சரிவராது. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று தேத்தண்ணியை நீட்டிவிட்டு உள்ளே போய்விடுகிற ஆள் நான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை மறித்துவிட்டார்கள் என்று மற்றப் பிள்ளைகள் அழுதார்கள். இனி எழும்பி நின்று பதில் சொல்லத் தேவையில்லை என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதி.

ஆனால் அந்தப் போனுக்குள் எனக்கென்று ஒன்று அகப்பட்டது. வீட்டைத் துப்புரவாக்கி அடுக்குகிற படங்கள்! சொன்னால் சிரிப்பீர்கள். முதலில் வந்தவள் ஒரு வெள்ளைக்காரி. முகம் காட்டமாட்டாள். இரண்டு கைகள் மட்டும் வரும். அந்தக் கைகள் ஒரு லாச்சியைத் திறக்கும். உள்ளே கரண்டி, கத்தி, கயிறு, பற்றரி எல்லாம் கலந்து கிடக்கும். எல்லாவற்றையும் அள்ளி வெளியே கொட்டித் துடைத்து, சின்னச் சின்னப் பெட்டிகளை உள்ளே வைத்து, கரண்டியைக் கரண்டியோடும் கத்தியைக் கத்தியோடும் சேர்க்கும். லாச்சி மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முகம் காட்டாமலே உலகத்துக்கெல்லாம் தன் குசினியைக் காட்டுகிறாளே, இவளும் என்னைப் போலக் கூச்சக்காரியாக்கும் என்று அவளில் எனக்கு ஒரு வாரப்பாடு.

பிறகு தமிழ் கதைக்கிற பெட்டை ஒருத்தி வந்தாள். இந்தியாப் பக்கம். அவள் வாய் மூடமாட்டாள். "எல்லாத்தையும் வெளிய எடுங்க. ஒண்ணு விடாம எடுங்க. அப்புறம் மூணு குவியலாப் பிரிங்க" என்பாள். வைத்துக்கொள்வது ஒரு குவியல், கொடுத்துவிடுவது ஒரு குவியல், எறிவது ஒரு குவியல். சீலையை மடித்து லாச்சிக்குள் புத்தகம்போல நிமிர்த்தி வைக்கவும் காட்டினாள். நானும் மடித்துப் பார்த்தேன். என் சீலைகள் நிற்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து விழுந்தன. மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"உனக்குப் போன் தந்தது கதைக்கவெணை. நீ நித்திரையிலையும் லாச்சி மூடுறாய்."

அவள் சிரிக்கட்டும். எனக்குக் குசினியில் கண். எங்கள் குசினி அலுமாரியும் அதன் பக்கத்தில் நிற்கிற பெரிய றாக்கையும் எப்போது கடைசியாகக் காலியாக இருந்தன என்று எனக்கே நினைவில்லை. ஒருநாள் காலை மகளின் ஸ்கூட்டர்ச் சத்தம் ஒழுங்கை முடக்கில் மறைந்ததும் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொடங்கினேன். தேர் இழுக்க வடத்தில் கை வைத்ததும் நெஞ்சு அடிக்குமே, அப்படி அடித்தது.

ஒன்று விடாமல் எடுத்தேன். மூடியில்லாத போத்தல்கள் வந்தன. போத்தலில்லாத மூடிகள் அதைவிடக் கூட வந்தன. பால்மாப் பேணிகள், ஐஸ்கிரீம் பெட்டிகள், பிடி உடைந்த கேத்தில், கனடாவிலிருந்து தங்கச்சி கொண்டுவந்து தந்து இன்னும் உறை பிரிக்காத ஏதோ ஒன்று. அது முட்டை அடிக்கவா, முதுகு சொறியவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கரப்பொத்தான் ஒன்று ஓடி வந்து வெளிச்சத்தைக் கண்டு திகைத்து நின்றது. "ஓடு, உனக்கு இனி இஞ்சை இடமில்லை" என்று விளக்குமாற்றால் கலைத்தேன். நிலம் முழுக்கச் சாமான். நடுவில் நான். அந்தச் சந்தோசத்தை, அந்தப் புழுகத்தை என்னென்று சொல்வது! ஆரும் பார்க்கவில்லை என்று தெரிந்து இரண்டு கையையும் தட்டினேன்.

மூன்று குவியலும் வளர்ந்தன. ஆனால் பிரிக்கப் பிரிக்க ஒரு சிக்கல். முடக்கில் கடை வைத்திருக்கிற பிள்ளையின் அரிதட்டு ஒன்று கையில் வந்தது. பிறகு கோயில் மடப்பள்ளியின் அகப்பை. இவற்றை வைத்துக்கொள்ளவும் முடியாது, எறியவும் முடியாது. கொடுத்துவிடலாமென்றால், அது என்னுடையதாக இருந்தால்தானே நான் கொடுப்பதற்கு? அந்தப் பெட்டையின் ஊரில் பாத்திரங்கள் வீடு மாறிப் போவதில்லை போலும். அவள் சொல்லாத நாலாவது குவியல் ஒன்றை நான் வாசற்படியோடு தொடங்கினேன்: மற்றவர்களுடையது.

றாக்கையின் அடித்தட்டில், சுவரோடு ஒட்டி, கயிறு போட்டுக் கட்டிய ஒரு மட்டைப்பெட்டி. அதை நான் மறந்தே போனேன். என்னுடைய அவர் தவறி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகு, பெரிய பாத்திரங்களைக் கழுவித் துடைத்து மகள் கட்டி வைத்த பெட்டி. அதற்குப் பிறகு யாரும் அவிழ்க்கவில்லை. அவிழ்த்தேன். எங்கள் சருவங்கள், எங்கள் மூடிகள். இரண்டு சருவத்துக்கு நடுவில் வட்டமாக ஒரு சில்வர்ப் பாத்திரம். சாப்பாட்டுக் காரியரின் ஒரு அடுக்கு. எங்கள் வீட்டில் காரியர் இருந்ததே இல்லை.

திருப்பிப் பார்த்தேன். அடியில் புள்ளி புள்ளியாகக் கொத்திய இரண்டு எழுத்து. மச்சாளின் முதலெழுத்தும் அவளுடைய புருசனின் முதலெழுத்தும்.

மச்சாள் என்றால் எங்கள் பின்வளவுக்காரி. நானும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். கலியாணம் கட்டியதும் மச்சாள் முறையும் வந்தது. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் வேலி இருந்த காலத்தில் அதில் ஒரு பொட்டு இருந்தது, குனிந்து நுழைகிற அளவு ஓட்டை. நாளுக்கு நாலு தரம் கறியும் கதையும் அதற்குள்ளால் போய் வரும். பிறகு எல்லைக் கதியாலை மற்ற வளவுக்குள் தள்ளிப் போட்டது ஆர் என்று இரண்டு வீட்டு ஆம்பிளைகளும் பிடித்துக்கொண்டார்கள். வேலி போய் மதில் வந்தது. எங்கள் இரண்டு பேரிடமும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கதை நின்றது. ஆம்பிளைகள் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள், மதில் நின்றது. என்னுடைய அவர் தவறியபோது மச்சாள் வரவில்லை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலட்டைதான் சோறு கொண்டுவந்து தரும். அந்த நாட்களில் எந்த வீட்டுச் சோறு, ஆர் தந்தது என்று நான் பார்க்கவில்லை. அப்படியென்றால் அவளும் சமைத்து ஆரிடமோ கொடுத்து விட்டிருக்கிறாள். காரியர் திரும்பிப் போனபோது இந்த அடுக்கு இங்கே தங்கிவிட்டது. ஐயோ, அவள் என்ன நினைத்திருப்பாள்! என் சோற்றைத் தின்றுவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாளே என்றுதானே!

இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று எழும்பிவிட்டேன். கொடுத்தால் வாங்குவாளோ, வாசல் படலையிலேயே திருப்பி அனுப்பிவிடுவாளோ தெரியாது. எதுவென்றாலும் வெறும் பாத்திரமாகக் கொண்டுபோவதில்லை. கொழுக்கட்டை அவிப்பம் என்று நினைத்தேன். குசினி முழுக்க நிலத்தில் கிடந்ததில் ஒரு வசதி, ஒன்றையும் தேடத் தேவையில்லை. மாப்பேணி காலடியில், பயறு முழங்காலடியில், இடியப்பத் தட்டு எறிகிற குவியலில். அதைத் திரும்ப எடுத்தேன். பயற்றை அவித்து, தேங்காய் திருவி, பனங்கட்டி தட்டிப் போட்டுக் குழைத்து, மாவுக்குள் வைத்து ஓரம் கிள்ளினேன். அவசரத்தில் இரண்டு மூன்று கோணிப் போயின. அவித்து அந்த அடுக்குக்குள் போடும்போது அவற்றை அடியில் வைத்து, துவாயால் சுற்றி எடுத்தேன்.

மதில் இல்லையென்றால் நாலு எட்டு. இப்போது எங்கள் ஒழுங்கையால் போய் றோட்டில் ஏறி, வைரவர் கோயிலடியால் திரும்பி அவளுடைய ஒழுங்கைக்குள் இறங்கவேண்டும். வைரவரடியில் நின்றேன். திரும்பிப் போவமோ என்று வந்தது. துவாய்க்குள்ளால் சூடு உள்ளங்கையைச் சுட்டது. ஆறிப்போன கொழுக்கட்டையை அவள் தொடமாட்டாள் என்பது நினைவு வந்தது. நடந்தேன்.

மச்சாள் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். மகன்மார் வெளிநாட்டில். தனிய. நாய் குரைத்தது.

"ஆரது?"

நான் படலையடியில் நின்றேன். கொழுக்கட்டையோடு அடுக்கை உயர்த்தி, துவாயை அடிப்பக்கம் விலக்கிக் காட்டினேன். அவள் விளக்குமாற்றைச் சாத்திவிட்டுக் கிட்ட வந்து குனிந்து பார்த்தாள்.

"உது என்ரை."

"ஓம்."

"எங்கை கிடந்தது?"

"றாக்கையின்ரை அடியிலை, கட்டின பெட்டிக்குள்ளை. இண்டைக்குத்தான் கண்டனான், மச்சாள்."

"இண்டைக்குத்தானோ?"

"சத்தியமா. உம்மடை வீட்டுச் சோறெண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லை."

"நான்தான் சொல்லவேண்டாமெண்டு குடுத்துவிட்டனான்" என்றாள். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது. "சொல்லாட்டிலும் உமக்கு விளங்குமெண்டு இருந்தன். என்ரை பருப்பு உமக்குத் தெரியாதே? இந்தப் பக்கத்திலை பருப்புக்கு உவ்வளவு உள்ளிப் பல்லுப் போடுறவள் ஆர்?"

"அண்டைக்கு என்ரை வாயிலை ருசி எங்கை மச்சாள் இருந்தது?"

அவள் படலையைத் திறந்தாள். அடுக்கை வாங்கி, துவாயை நீக்கி, ஒரு கொழுக்கட்டையை எடுத்துக் கடித்தாள். நான் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உப்புக் குறைவு" என்றாள். "அப்பவும் குறைவு, இப்பவும் குறைவு." பிறகு இன்னொன்றை எடுத்தாள். "என்ன படலையிலை நிக்கிறீர்? வாரும், இரும்."

குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். ஆணியில் காரியர் தொங்கியது. ஒரு அடுக்குக் குறைந்ததால் கொளுக்கி பிடிக்காமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். அவள் கயிற்றை அறுத்தாள். நான் கொழுக்கட்டையை ஒரு கோப்பைக்கு மாற்றிவிட்டு அடுக்கைக் கழுவிக் கொடுத்தேன். நடுவில் வைத்துக் கொளுக்கியை அழுத்தினாள்.

டக்.

அதே சத்தம்! என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

"என்ன சிரிப்பு? காலமை தொடக்கம் உங்கடை பக்கம் கடகடவெண்டு ஒரே சத்தம். வீட்டை வித்துப்போட்டு மகளோடை எங்கையோ போகப் போறீராக்குமெண்டு எனக்கு ஒரு வேலையும் ஓடேல்லை. ஏன் இப்ப றாக்கையைக் கிளறினனீர்?"

எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. "போனிலை ஒரு பெட்டை வருவாள், மச்சாள். எல்லாத்தையும் வெளியிலை எடு எண்டு..."

"மூண்டு குவியல் எண்டு சொல்லுவாளே, அவளோ?"

"அவளேதான்! உமக்கு எப்பிடித் தெரியும்?"

"எடியே, நான் அவளைத்தானேயடி ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்! மகன் வாங்கி அனுப்பின போனிலை. அந்த நீலச் சீலையை மடிச்சு நிப்பாட்டினாளே?"

"எனக்கு நிக்கேல்லை! விழுந்து போச்சு!"

"எனக்கும் விழுந்ததடி! அவள் பின்னுக்கு ஏதோ முண்டு குடுத்திருக்கிறாள். காட்டுறாளில்லை."

"முகம் காட்டாத வெள்ளைக்காரி?"

"கை மட்டும் வருமே, மோதிரம் போட்ட கை! அவளைப் பாத்துத்தான் நான் ஊசி நூல் லாச்சியை அடுக்கினனான். வா, வந்து பார்."

இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். நெருப்புப் பெட்டிகளை வெட்டி, ஊசி ஒன்றில், சட்டைத் தெறி ஒன்றில், கொளுக்கி ஒன்றில் என்று அவ்வளவு வடிவாக அடுக்கியிருந்தாள். நான் திறந்து திறந்து மூடினேன். மதிலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும், அதே பெட்டையைப் பார்த்துக்கொண்டு, அதே சீலையை மடித்து மடித்து விழுத்திக்கொண்டு! வாங்கில் பக்கத்தில் இருந்தபோதுகூட இரண்டு பேரும் இவ்வளவு சத்தமாகக் கதைத்ததில்லை.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"எங்கையணை நிக்கிறாய்? குசினிக்குள்ளை கால் வைக்க இடமில்லை! கள்ளன் வந்ததோ எண்டு பயந்து போனன்."

"நான் மச்சாள் வீட்டை."

"எந்த மச்சாள்?"

"பின்வளவு மச்சாள்."

அவள் அடுத்த கேள்வியைக் கேட்கமுதல், "அதிலை ஒண்டிலையும் கை வைச்சிடாதை. நாங்கள் வாறம்" என்று சொல்லி வைத்தேன். நானா அப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம்.

மச்சாள் அதற்குள் காரியரைக் கழற்றிச் சோறு போடத் தொடங்கிவிட்டாள். "உங்கடை குசினி நிலத்திலை கிடக்கு. பெட்டை என்னத்தைத் தின்கிறது?" சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், மேல் அடுக்கில் என் கொழுக்கட்டை. கொளுக்கியை அழுத்தினாள். வைரவரடியால் இரண்டு பேரும் நடந்தோம். காரியரை நான்தான் தூக்கினேன்.

சாமான்களை ஒதுக்கி நிலத்திலேயே இருந்து சாப்பிட்டோம். பருப்பை வாயில் வைத்ததும் உள்ளி அடித்தது. "இவ்வளவு உள்ளி ஆரடி போடுவினம்?" என்றேன். மச்சாள் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு அகப்பை பருப்பை என் கோப்பையில் ஊற்றினாள்.

கை கழுவிக்கொண்டு வந்தவள் நாலாவது குவியலுக்குப் பக்கத்தில் குந்தி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். அதோடு விடவில்லை. நான் வைத்துக்கொள்கிற குவியலுக்குள்ளும் கையை விட்டு ஒரு தேத்தண்ணி வடியை இழுத்தாள்.

"உதும் என்ரை."

"ஆர் சொன்னது? அது நான் புத்தூர்ச் சந்தையிலை வாங்கினது!"

"பிடி வளைஞ்சு கிடக்கிறதைப் பார். என்ரைதான்."

"வளைச்சது நானடி!"

மகள் கோப்பையோடு வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கடவுளே, திரும்பவும் தொடங்கீட்டியளோ?"

"உனக்கு உதிலை என்ன வேலை?" என்றோம் இரண்டு பேரும். வடியின் ஒரு பக்கத்தை அவளும் மறுபக்கத்தை நானும் பிடித்துக்கொண்டிருந்தோம்.